இரண்டு கமரா, ஒரே நிறம்: கையில் உள்ள காசுக்குள் லைவ் செய்கிறவர்களுக்கு

“என்ன, அதுக்குள்ள கூறை மாத்திப்போட்டினமோ?” கனடாவில் இருந்து மணமகளின் பெரியம்மா ஃபோன் எடுத்துக் கேட்ட கேள்வி இது. மணமகளின் தம்பி ஃபோனைக் காதில் வைத்தபடியே எந்தக் கமராவின் படம் போக வேண்டும் என்று மாற்றுகிற சுவிச்சரோடு நான் இருந்த மேசைக்கு ஓடி வந்தான். கூறை அப்போது தட்டத்திலேதான் இருந்தது, ஐயர் இன்னும் அதை எடுத்துக் கொடுக்கவேயில்லை. நடந்தது இதுதான்: முதல் கமராவில் செம்மஞ்சளாகத் தெரிந்த சேலை, நான் இரண்டாவது கமராவுக்கு மாற்றியதும் அரக்கு நிறமாகிவிட்டது. பக்கத்தில் இருந்து பார்க்க முடியாத ஒரு மனுஷிக்கு, தன் பெறாமகளின் கூறை மாற்றும் நேரத்தைத் தவறவிட்டேனோ என்ற பதற்றத்தை என்னுடைய இரண்டு கமராக்கள் கொடுத்துவிட்டன. அன்றைக்கு இரவு முழுக்க அது மனதை விட்டுப் போகவில்லை.

அந்த நாளில் இருந்து நான் பிடித்துக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. பழைய கமராவின் சுமாரான படத்தை ஐந்து நிமிடத்தில் கண் பழகிவிடும். ஆனால் ஒரு கமராவில் இருந்து இன்னொன்றுக்குப் போகும்போது முகத்தின் நிறம் மாறினால் அதை ஒவ்வொரு முறையும் கண் பிடிக்கும், மூன்று மணித்தியால நிகழ்ச்சி என்றால் மூன்று மணித்தியாலமும் பிடிக்கும். ஆகவே நல்ல படம் எடுப்பதை விட ஒரே மாதிரியான படம் எடுப்பதுதான் லைவில் முதல் வேலை, அதற்குப் பெரிய காசு தேவையில்லை, நிகழ்ச்சிக்கு முன் ஒரு மணித்தியாலம் தேவை.

முதலில் வாங்குகிற கதை. உங்களிடம் ஏற்கெனவே ஒரு கமரா இருந்தால், கையில் சேர்ந்த காசுக்குப் புதிதாக வந்த மாடல் ஒன்றை வாங்காதீர்கள், உங்களிடம் இருக்கிற அதே மாடலை இரண்டாம் கையில் தேடுங்கள். அதே மாடல் கிடைக்காவிட்டால் அதே கொம்பனியின் அதே காலத்து மாடல். ஒரு புதிய கமராவும் ஒரு பழைய கமராவும் வைத்திருப்பவரை விட ஒரே மாதிரிப் பழைய கமரா இரண்டு வைத்திருப்பவரின் லைவ் நன்றாக இருக்கும், இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நண்பரிடம் வாடகைக்கு எடுப்பதென்றாலும் “கமரா இருக்கா?” என்று கேட்காமல் “என்ன மாடல் இருக்கு?” என்று கேளுங்கள். லென்ஸையும் மறக்க வேண்டாம், ஒரே கமராவில் இரண்டு கொம்பனி லென்ஸை மாற்றிப் போட்டுப் பார்த்தால் ஒன்று கொஞ்சம் மஞ்சளாகவும் மற்றது கொஞ்சம் நீலமாகவும் வரலாம்.

சரி, கலவையாகத்தான் இருக்கிறது, ஒரு சோனி, ஒரு கெனன், ஒரு ஃபோன், என்ன செய்வது? பெரும்பாலானவர்களின் நிலைமை இதுதான். இங்கேதான் முக்கியமான விதி வருகிறது: நல்ல கமராவைக் கீழே இறக்குங்கள். மட்டமான கமராவை மேலே ஏற்ற முடியாது, அதில் இல்லாத நிறத்தையும் வெளிச்சத்தையும் எங்கிருந்து கொண்டுவருவது? உங்களிடம் இருப்பதில் எது மோசமோ அதை முதலில் எவ்வளவு நன்றாக வைக்க முடியுமோ அவ்வளவு நன்றாக வைத்துவிட்டு, மற்றவற்றை அதற்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். புதிய கமராவின் அழகை வேண்டுமென்றே குறைப்பது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். குறைத்துத்தான் ஆக வேண்டும்.

எதுவுமே ஒத்துவராத கமராவை, ஒப்பிட முடியாத இடத்தில் வையுங்கள். மணமகளின் முகத்தை இரண்டு பக்கத்தில் இருந்தும் எடுக்கிற கமராக்கள் இரண்டும் சோடியாக இருக்க வேண்டும். சேராத மூன்றாவதை ஓமகுண்டத்துக்கோ, நாதஸ்வரக்காரரின் விரல்களுக்கோ, மண்டபத்தின் பின்பக்கம் இருந்து முழு மண்டபத்தையும் காட்டுகிற படத்துக்கோ விடுங்கள். அங்கே நிறம் வேறாக இருந்தாலும் ‘இது வேறு இடம்’ என்று கண் ஏற்றுக்கொள்ளும்.

இனி செட்டிங். எல்லாக் கமராவையும் பால் (PAL) முறைக்கு, அதாவது விநாடிக்கு 25 ஃபிரேமுக்கு மாற்றுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் டியூப் லைட்டும் பல மலிவான எல்ஈடியும் ஒரு விநாடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் 1/50 என்று வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சரியாக இரண்டு துடிப்பு விழும், படம் அமைதியாக இருக்கும். 1/60 என்று வைத்தால் அந்தக் கணக்கு உடைந்து படத்தில் பட்டை பட்டையாக நிழல் ஓடும். வெளிநாட்டில் இருந்து வந்த இரண்டாம் கைக் கமராவில் சில நேரம் 30, 60 மட்டும்தான் இருக்கும், 25 இருக்காது. வாங்கும்போதே மெனுவைத் திறந்து பாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் அதை 30 ஃபிரேமிலேயே விட்டு ஷட்டரை மட்டும் 1/50 அல்லது 1/100க்கு மாற்றுங்கள், பட்டை போய்விடும், அசைவு மட்டும் கொஞ்சம் தட்டுப்படும். ஆடுகிறவர்களை அந்தக் கமராவில் எடுக்காமல் இருந்தால் போதும்.

அப்புறம், ‘ஓட்டோ’ என்று பெயர் உள்ள எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஓட்டோ ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது), ஓட்டோ வைட் பலன்ஸ் (எது வெள்ளை என்று முடிவெடுப்பது) என்பதை எல்லாரும் நிறுத்துவார்கள். மறைந்து கிடக்கிறவைதான் ஆளைக் கவிழ்க்கும். சோனியில் டிஆர்ஓ, கெனனில் ஓட்டோ லைட்டிங் ஒப்டிமைசர், பானசோனிக்கில் ஐ டைனமிக். இவை நிழலைத் தாங்களாகவே வெளிச்சமாக்குகிற வேலையைச் செய்கின்றன. வீட்டில் படம் எடுக்க நல்லது, லைவில் ஒரு கமரா மட்டும் காரணம் தெரியாமல் வெளிறிக்கொண்டே போகும்.

கமராவோடு வந்த கிட் லென்ஸுக்கு ஒரு குணம் இருக்கிறது. துவார எண் 3.5 முதல் 5.6 என்று அதன் மேல் எழுதியிருந்தால், ஸூம் பண்ணப் பண்ண வெளிச்சம் குறையும் என்று அர்த்தம். அதனால் எல்லா லென்ஸையும் 5.6இல் பூட்டிவிடுங்கள், ஸூம் பண்ணினாலும் மாறாது. வெளிச்சம் போதாது என்று தோன்றும். அதற்கு ஐஎஸ்ஓவை ஏற்றுவதை விட லைட் ஒன்றைக் கூட வைப்பது மேல், அதைப் பிறகு சொல்கிறேன்.

பிக்சர் ஸ்டைலில் எல்லாவற்றையும் ‘நியூட்ரல்’ அல்லது அதற்குக் கிட்டவானதில் வையுங்கள். கொன்ட்ராஸ்ட்டையும் நிறத்தையும் ஒன்றிரண்டு படி இறக்குங்கள். பிறகு திருத்துவதற்காக நிறத்தை மங்கலாக எடுக்கிற லொக் (Log) முறை வேண்டாம், லைவில் அதைத் திருத்த உங்களுக்கு நேரம் கிடைக்காது. ஷார்ப்னஸ் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை: சிறிய சென்சர் உள்ள ஹாண்டிகேம் வகைகள் ஓரங்களைக் கீறி எடுத்தது போல் கூர்மையாக்கும், பெரிய சென்சர் கமரா மென்மையாக விடும், நிறம் முழுக்க ஒத்துப்போன பிறகும் ‘ஏதோ வித்தியாசமாக இருக்கிறதே’ என்று தோன்றினால் அது பெரும்பாலும் இதுதான்.

வைட் பலன்ஸ் பற்றிக் கொஞ்சம் நின்று கதைக்க வேண்டும். இரண்டு கமராவிலும் 4500 கெல்வின் என்று ஒரே எண்ணைப் போட்டுவிட்டு ஒத்துப்போகும் என்று நினைக்காதீர்கள், ஒரு கொம்பனியின் 4500 மற்றக் கொம்பனியின் 4500 போல இருக்காது. ஒரே அட்டையை, ஒரே இடத்தில், ஒரே லைட்டின் கீழே வைத்து ஒவ்வொரு கமராவிலும் கஸ்டம் வைட் பலன்ஸ் எடுக்க வேண்டும். அந்த இடம் கமராவுக்குப் பக்கத்தில் அல்ல, முகங்கள் இருக்கப்போகிற இடம், மணவறை என்றால் மணவறைக்குள். அட்டை சாம்பல் நிற அட்டையாக இருக்கட்டும், அதற்குப் பெரிய விலை இல்லை. அவசரத்துக்கு வெள்ளைக் கடதாசியை அல்லது பக்கத்தில் நிற்கிறவரின் வேட்டியைக் காட்டி எடுக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கடதாசியில் வெண்மையைக் கூட்ட ஒரு இரசாயனம் சேர்த்திருப்பார்கள், அது நீலத்தைக் கக்கும். வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்டிருப்பார்கள். கண்ணுக்குப் பால் வெள்ளையாகத் தெரிவது கமராவுக்கு நீலம், அதை வெள்ளை என்று நம்பிக் கமரா எல்லா முகத்தையும் மஞ்சளாக்கிவிடும்.

அட்டை வைத்து எடுத்த பிறகும் ஒரு சின்ன வித்தியாசம் மிஞ்சும், ஒன்றில் தோல் கொஞ்சம் பச்சைப் பக்கம், மற்றதில் கொஞ்சம் சிவப்புப் பக்கம். வைட் பலன்ஸ் மெனுவுக்குள் இன்னும் ஒரு படி உள்ளே போனால் சதுரக் கட்டம் ஒன்று இருக்கும், ஒரு அச்சு நீலம்–மஞ்சள், மற்றது பச்சை–மெஜந்தா. பச்சையாகத் தெரிகிற கமராவை மெஜந்தாப் பக்கம் ஒரு படி, போதாவிட்டால் இரண்டு படி தள்ளுங்கள். அதற்கு மேல் போக வேண்டி வந்தால் பிழை வேறெங்கோ இருக்கிறது, பெரும்பாலும் லைட்டில்.

இந்த ஒப்பீட்டை எப்படிச் செய்வது என்பதில்தான் பலர் தடுக்குகிறார்கள். கமராவின் பின்பக்கத் திரையை நம்பாதீர்கள், ஒவ்வொரு திரையும் ஒவ்வொரு கதை சொல்லும். எல்லாப் படமும் ஒரே மொனிட்டரில், சுவிச்சருக்கு ஊடாக வந்த பிறகுதான் தீர்ப்பு. ஒராளை மணவறைக் கதிரையில் இருத்துங்கள், எல்லாக் கமராவும் அவருடைய முகத்தை ஒரே அளவில் பிடிக்கட்டும். ஓபிஎஸ் (OBS) என்ற கணினி லைவ் மென்பொருளில் இரண்டு படத்தையும் பாதி பாதியாக வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். ஏடெம் மினி என்கிற சின்னச் சுவிச்சர் என்றால் கணினியில் அதன் மென்பொருளைத் திறந்து, ஒரு படம் மற்றதைத் துடைத்துக்கொண்டு வருகிற வைப் (wipe) மாற்றத்தைத் தெரிவு செய்து, கைப்பிடியைப் பாதியில் நிறுத்திவிடலாம். ஒரு கமராவின் இடது கன்னமும் மற்றக் கமராவின் வலது கன்னமும் ஒரே திரையில் நிற்கும்போது ஒளிந்துகொள்ள எதுவும் இல்லை. இந்த ஒழுங்கில் பாருங்கள்: முதலில் கறுப்பு, அதாவது தலைமயிரும் கறுப்புக் கோட்டும் இரண்டிலும் ஒரே கறுப்பா. பிறகு முகத்தின் வெளிச்சம். அதற்குப் பிறகுதான் நிறம். வெளிச்சம் சரியாகாமல் நிறத்தைத் திருத்தப் போனால் சுற்றிச் சுற்றி அதே இடத்தில்தான் நிற்பீர்கள்.

ஸீப்ரா, அதாவது வெளிச்சம் நாம் வைத்த அளவுக்கு வந்த இடத்தில் கோடு கோடாகக் காட்டுகிற வசதி, உள்ள கமரா என்றால் முகத்துக்கு 70 வையுங்கள் என்று எல்லா இடத்திலும் சொல்லுவார்கள். அது வெள்ளைத் தோலுக்குச் சொன்ன கணக்கு. நம் ஆட்களின் முகத்தை 70க்கு ஏற்றினால் நெற்றி வெளிறி, விபூதியும் சந்தனமும் தோலோடு கரைந்துவிடும். நான் நெற்றியின் மினுக்கத்தை 55, 60 அளவில் நிறுத்துகிறேன், குங்குமப் பொட்டு அதன் சிவப்போடு நிற்கிறதா என்று பார்க்கிறேன்.

இனி லைட். இதை நான் அடித்துச் சொல்கிறேன்: இன்னொரு கமரா வாங்க வைத்திருக்கிற காசில் முதலில் ஒரே மாதிரியான எல்ஈடி பனல் இரண்டு வாங்குங்கள். மண்டபத்தில் மேலே பழைய டியூப் லைட் பச்சை அடிக்கும், மணவறையைச் சுற்றி டெக்கரேஷன்காரர் ஊதா எல்ஈடி கட்டியிருப்பார், வாசலால் வெயில் வரும். இந்தக் கலவையை ஒவ்வொரு கமராவும் ஒவ்வொரு விதமாக விளங்கிக்கொள்ளும், முக்கியமாக அந்த ஊதாவும் நீலமும், ஒரு கமராவில் நீலமாகவும் மற்றதில் ரோஸாகவும் வந்து நிற்கும், எந்த மெனுவாலும் அதைச் சேர்க்க முடியாது. முகத்தில் நல்ல வெள்ளை லைட் விழுந்தால் மற்ற நிறங்கள் எல்லாம் பின்னுக்குப் போய்விடும். டெக்கரேஷன்காரரிடம் முதல் நாளே கதையுங்கள். ‘பின்னுக்கு என்ன நிறம் வேணுமெண்டாலும் போடுங்கோ அண்ணை, முன்னுக்கு மட்டும் வெள்ளை விடுங்கோ’ என்று மரியாதையாகக் கேட்டால் மாட்டேன் என்று சொன்னவரை நான் இதுவரை காணவில்லை.

வெளியே எடுப்பது வேறு கணக்கு. திருகோணமலையில் நிலாவெளியிலோ உப்புவெளியிலோ கடற்கரையில் மாலை வரவேற்பு என்றால், நமக்குக் கடல் கிழக்கே இருக்கிறது என்பதை வைத்து யோசியுங்கள். பின்னேரம் வெயில் ஊர்ப் பக்கத்தில் இருந்து வரும். கடலைப் பார்த்து நிற்கிற கமராவுக்குத் தம்பதியின் முகத்தில் நேரே வெளிச்சம், கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிற கமராவுக்கு லென்ஸுக்குள்ளேயே சூரியன். இந்த இரண்டையும் யாராலும் ஒத்துப்போகச் செய்ய முடியாது. எல்லாக் கமராவையும் ஒரே பக்கத்தில் வையுங்கள். காலையில் என்றால் எல்லாம் மறுபக்கம் திரும்பும். சூரியன் விழுந்த பிறகு வெளிச்சம் நீலமாகிக்கொண்டே போகும், பல்புகள் எரியத் தொடங்கியதும் அட்டையை எடுத்துக்கொண்டு திரும்பவும் ஓட வேண்டியதுதான்.

கோணேசர் கோயில் திருவிழாவும் அப்படித்தான், கோட்டைக்குள்ளால் ஏறி மேலே போனால் மலையைச் சுற்றிக் கடல், பகலில் அந்தப் பளபளப்பு எல்லாப் பக்கத்தாலும் அடிக்கும். சுவாமி கோபுர நிழலில் இருந்து வெயிலுக்கு வரும் அந்தப் பத்து விநாடியில் ஒரு கமராக்காரர் குறைப்பார், மற்றவர் குறைக்க மாட்டார். முதலிலேயே பேசி வையுங்கள்: சுவிச்சரில் இருப்பவர் மட்டும் எண் சொல்வார், ‘எல்லாரும் ஐஎஸ்ஓ 200’ என்றால் எல்லாரும் ஒன்றாக மாற்றுவார்கள், தனியாக யாரும் கை வைப்பதில்லை. இன்டர்கொம் இல்லையா, வாட்ஸ்அப் குறூப் கோல் போட்டு ஒரு காதில் மட்டும் இயர்ஃபோன், அது போதும். படியேற முன்னர் கோயிலில் அனுமதி கேட்டுவிடுங்கள், எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று அவர்களே காட்டுவார்கள்.

ஃபோனை மூன்றாவது கமராவாக வைப்பதில் தப்பில்லை, அதனோடு வந்த கமரா அப்பில் மட்டும் எடுக்காதீர்கள், அது ஒவ்வொரு விநாடியும் தானாக முடிவெடுக்கும். பிளாக்மேஜிக் கமரா என்ற அப் இலவசம், 2023இல் ஐஃபோனுக்கும் 2024இல் அண்ட்ரொயிடுக்கும் வந்தது. அதில் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50, ஐஎஸ்ஓ, வைட் பலன்ஸ் எல்லாவற்றையும் பூட்டலாம். வெயிலில் மட்டும் கவனம், பெரும்பாலான ஃபோன்களின் துவாரத்தைச் சுருக்க முடியாது, அதனால் வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி கிளாஸ் ஒன்றைக் கிளிப் பண்ண வேண்டி வரும்.

எல்லாம் சரியாக வைத்தும் ஒரு படம் மட்டும் சாம்பல் பூசினது போல் வெளிறி வந்தால் கமராவைத் திட்டாதீர்கள், இடையில் இருந்து படத்தைக் கணினிக்குள் கொண்டுபோகிற கப்ச்சர் கார்டைப் பாருங்கள். படத்தின் கறுப்பு 0இல் இருந்து தொடங்குகிறதா, 16இல் இருந்து தொடங்குகிறதா என்று இரண்டு வழக்கம் உண்டு, கமரா ஒன்றைச் சொல்லி கார்டு மற்றதாக விளங்கிக்கொண்டால் கறுப்பு சாம்பலாகும், இல்லாவிட்டால் நிழல் முழுக்க இருண்டுவிடும். ஓபிஎஸ்ஸில் அந்தக் கமராவின் ப்ரொப்பர்டீஸைத் திறந்து கலர் ரேஞ்சை ஃபுல், லிமிட்டட் என்று மாற்றிப் பாருங்கள். முடிந்தால் எல்லாக் கமராவுக்கும் ஒரே வகைக் கார்டு வாங்குங்கள். ஓபிஎஸ்ஸில் ஒவ்வொரு கமராவுக்கும் தனித்தனியே கலர் கரெக்‌ஷன் ஃபில்டர் போடலாம், மிஞ்சின சின்ன வித்தியாசத்தை அங்கே தீர்க்கலாம். 2019இல் 295 டொலருக்கு ஏடெம் மினி வந்தபோது நாலு எச்டிஎம்ஐ கமராவை இணைப்பது எங்களைப் போன்றவர்களுக்கும் எட்டுகிற விஷயமாகியது, வெவ்வேறு ஃபிரேம் ரேட்டையும் அது தானே சமாளிக்கும், ஆனால் உங்கள் சோனியின் நிறத்தை அதற்குள் திருத்த முடியாது. ஆகவே ஏடெம் வைத்திருப்பவர்கள் நிறத்தைக் கமராவுக்குள்ளேயே முடித்துவிட வேண்டும்.

கடைசியாக ஒரு கைதட்டு. எல்லாக் கமராவும் ஒராளைப் பார்க்க, அவர் ஒரு முறை தட்டட்டும். கைகள் எல்லாப் படத்திலும் ஒன்றாகச் சேர்கின்றனவா, சத்தமும் அப்போதே வருகிறதா? ஃபோன் பெரும்பாலும் பிந்தும். முந்துகிற கமராவை ஓபிஎஸ்ஸில் டிலே போட்டுப் பிந்தவைக்கலாம், சத்தத்தையும் அதற்கேற்பத் தள்ளலாம். தவில்காரரின் கை ஒரு பக்கம், அடி இன்னொரு பக்கம் என்றால் நிறம் எவ்வளவு ஒத்திருந்தும் பயனில்லை.

ஒத்துப்போன செட்டிங்கைக் கமராவின் மெமரியில் சேமியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாமல் ஒரு கொப்பியிலும் எழுதுங்கள். என்னுடைய 80 பக்கக் கொப்பியில் ஒரு மண்டபத்துக்கு ஒரு பக்கம். உவர்மலைப் பக்கத்து மண்டபம் ஒன்றுக்கு எழுதியிருப்பது இப்படி: ‘இரவு. பனல் இரண்டும் 4300, மணவறைக்கு இரு பக்கமும், தலைக்கு மேல் இரண்டு அடி. எல்லாம் 25, 1/50, எஃப் 5.6. சோனி ஐஎஸ்ஓ 1250, மெஜந்தா 1. கெனன் ஐஎஸ்ஓ 1600, நிறம் ஒரு படி குறை. இடப்பக்க டியூப் லைட்டை நிறுத்தச் சொல்ல வேண்டும், சுவிச் சமையலறைக் கதவுக்குப் பின்னால்.’